சிப்பி சாப்பிடாதவருக்கு பிக்பூல் எதற்கு?

பிரான்சின் மோம்பெல்லியே நகரில் முதுகலை படிக்கிறீர்கள். வாடகைக்கு இருக்கும் வீட்டின் அம்மையார் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மேஸ் என்ற ஊரிலுள்ள தம் அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார். 'ஒயின் என் பொறுப்பு' என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். கடைக்காரர் 'பிக்பூல் த பினே' என்ற வெள்ளை ஒயினை எடுத்துக் கொடுத்து, சிப்பிக்கு இதுதான் என்றாராம். உங்களுக்கோ பச்சைச் சிப்பி தொண்டையில் இறங்காது. சிப்பி சாப்பிடாதவனுக்கு இந்த ஒயின் வீண்தானா, வேறு எதோடு குடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. எல்லோரும் சிப்பி சாப்பிடும் மேசையில், சாப்பிடாமல், யார் மனமும் கோணாமல் எப்படி உட்காருவது என்பது அது. அதையும் கடைசியில் தொடுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. புதுச்சேரியில் பிறந்தவன். பதினாறு வருஷமாக இந்தக் கடற்கரை ஊர்களின் ரெஸ்டாரண்டுகளில் வேலை. முதல் நான்கு வருஷம் சமையலறையில் சிப்பி திறந்தேன். இடது உள்ளங்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் சொம்மெலியே படிப்பு முடித்து, ஒயின் பரிமாறும் பக்கம் வந்தேன். திராட்சை வளர்த்தவனோ ஒயின் தயாரித்தவனோ அல்ல. தோட்டத்தையும் தொட்டியையும் பற்றி நான் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது. மேசையைப் பற்றிச் சொல்வது மட்டும் கையால் செய்து, திட்டு வாங்கிக் கற்றது.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான். இந்த ஒயினை ஒரு எலுமிச்சம்பழம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்டத்தின் மேல் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் உங்களுக்கு நன்றாக இருக்குமோ, அதோடு பிக்பூல் பெரும்பாலும் பொருந்தும். சிப்பியும் அப்படிப்பட்ட பண்டங்களில் ஒன்று, அவ்வளவுதான். இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தெரியாமல் மீறி நான் அவமானப்பட்ட கதையும் உண்டு, வருகிறேன்.

பிக்பூல் என்பது திராட்சையின் பெயர். பினே என்பது ஊர். பினே, மேஸ், புளோரன்ஸாக், போமெரோல், மோந்தன்யாக், காஸ்தெல்னோ-த-கேர் என்ற ஆறு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த வெள்ளைப் பிக்பூல் திராட்சையில் மட்டும் செய்தால்தான் 'பிக்பூல் த பினே' என்று பாட்டிலில் அச்சிட முடியும். வேறு திராட்சை ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. பிரான்சின் தெற்கில், எரோ மாவட்டத்தில், தோ என்ற பெரிய உப்பங்கழியைப் பார்த்தபடி இந்த ஊர்கள் இருக்கின்றன. நீங்கள் விருந்துக்குப் போகும் மேஸ் அந்த ஆறில் ஒன்று என்பதைக் கவனித்தீர்களா? அந்த வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் ஊர் ஒயினையே கொண்டு போகிறீர்கள். இதில் ஒரு நல்லதும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. நல்லது, அவர்களுக்குப் பிடிக்கும் என்பது நிச்சயம். சங்கடம், எந்தத் தோட்டத்துப் பிக்பூல் நல்லது என்று அவர்களுக்கு உங்களைவிட, ஏன் என்னைவிடவும் நன்றாகத் தெரியும்.

1985-இலிருந்து இது 'கோத்தோ த்யு லாங்டாக்' என்ற பெரிய பெயருக்குக் கீழே ஓர் உட்பிரிவாக இருந்தது. 2013-இல்தான் தனித் தோற்றப்பெயர், அதாவது எங்கே விளைந்தது என்பதைச் சட்டப்படி காட்டும் பெயர், கிடைத்தது. பாட்டிலைப் பார்த்தால் தெரியும், ஒல்லியான பச்சைக் கண்ணாடியில் கழுத்தோரம் அலை அலையாகப் புடைத்த கோடுகள் இருக்கும். நெப்டியூன் பாட்டில் என்பார்கள், 1995-இல் வந்தது. எல்லாத் தோட்டக்காரர்களும் அதில்தான் அடைப்பார்கள் என்றில்லை. உற்பத்தியில் பெரும்பங்கு கூட்டுறவுகளுடையது. கூட்டுறவு ஒயின் என்றால் மட்டம் என்ற நினைப்பை இங்கே விட்டுவிடலாம். விலை பெரும்பாலும் 6 முதல் 10 யூரோவுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் கொடுத்தால் அதற்கேற்ப ருசி கூடும் என்று இந்த ஒயின் விஷயத்தில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். மலிவாக, பச்சைப் பசேலென்று, சீக்கிரம் குடித்து முடிக்கவே பிறந்த ஒயின் இது. அறுவடையிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் குடிப்பது நல்லது.

பெயருக்கு அர்த்தம் கேட்டால் 'உதட்டைக் குத்துவது' என்று ஒயின் விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். புளிப்பு அப்படி என்பதால் கதை நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் 'பூல்' என்று முடியும் பிரெஞ்சுச் சொல் கோழியைத்தான் குறிக்கும், உதட்டை அல்ல. கோழி கொத்தித் தின்ற திராட்சை என்று விளக்குபவர்களும் உண்டு. இரண்டையும் கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், விருந்தில் ஆதாரமாகச் சொல்லிவிடாதீர்கள்.

இனி புளிப்புக்கு வருவோம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். தெற்கு பிரான்ஸ் வெயில் காயும் ஊர். அப்படிப்பட்ட இடத்தில் திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். அதனால்தான் தெற்கத்தி வெள்ளை ஒயின்களில் பல கொஞ்சம் கொழகொழவென்று, சாராயச் சூடு தெரிய இருக்கும். பிக்பூல் மெதுவாகப் பழுக்கிற ரகம், பழுத்த பிறகும் அமிலத்தை விடாது. உப்பங்கழியிலிருந்தும் கடலிலிருந்தும் வீசும் காற்று வெயிலைக் கொஞ்சம் தணிக்கிறது. பறித்ததும் உடனே பிழிந்து, குளிரூட்டிய எவர்சில்வர் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். மரப்பீப்பாய் வாசம் கிட்டத்தட்ட இருக்காது. திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள் உண்டு, டார்டாரிக், மாலிக். மாலிக் என்பது பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அது. பல வெள்ளை ஒயின்களில் இதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற விடுவார்கள், அப்போது வெண்ணெய்ச் சாயல் வரும். பிக்பூலில் பெரும்பாலும் அந்த மாற்றத்தைத் தடுத்துவிடுகிறார்கள். டார்டாரிக் நமக்குப் புதிதல்ல. நம் புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். இதைக் குடிக்கும்போது நாக்கின் ஓரங்களில் ஊறும் எச்சில் உங்களுக்கு எங்கேயோ பழகியதுபோல் இருந்தால் காரணம் அது.

சிலர் இந்த ஒயினில் 'கடல் உப்பு' தெரிகிறது என்பார்கள். நானும் வாடிக்கையாளரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் கழியின் உப்பு வேர் வழியாக ஏறித் திராட்சைக்கு வந்து, அங்கிருந்து கோப்பைக்கு வருகிறது என்று நேர்கோடு போட முடியாது. மண்ணின் கனிமங்கள் அப்படியே ஒயினின் ருசியாகிவிடுவதில்லை என்றுதான் மண்ணியல் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கூர்மையான புளிப்பு, பழ வாசம் குறைவு, இனிப்பு இல்லை, எதிரே தண்ணீர் தெரிகிறது. இத்தனையும் சேர்ந்தால் மனசு உப்பு என்று முடிவு கட்டிவிடும். என் ஊகம் இது.

சரி, சிப்பி. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் மேசையில் இருக்கப்போகிறது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தோ கழி 7,000 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியாத அளவு. அட்லாண்டிக் கரையில் ஓதம் வடிந்தபோது சிப்பிப் பண்ணையில் நடந்து போய் வேலை செய்யலாம், இங்கே முடியாது. அதனால் இங்கே சின்னச் சிப்பிகளைக் கையால் ஒவ்வொன்றாகச் சிமெண்டு வைத்துக் கயிற்றில் ஒட்டி, தண்ணீருக்குள் நட்ட சட்டங்களிலிருந்து தொங்கவிடுகிறார்கள். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் ஓயாமல் தின்று வேகமாக வளரும். சில பண்ணைகளில் மோட்டார் வைத்துக் கயிறுகளை அவ்வப்போது மேலே தூக்கி, இல்லாத ஓதத்தை இருப்பதுபோல் நடிக்க வைக்கிறார்கள். வெளியே இருக்கும்போது சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொள்ளப் பழகுமாம். விற்கும்போது பூஸிக் சிப்பி என்று பெயர், பூஸிக் என்பது கரையிலுள்ள ஒரு சின்ன ஊர். இந்தச் சிப்பி நல்ல உப்பு, கடைசியில் கொட்டைப் பருப்பு போல ஒரு இனிப்பு. எலுமிச்சை பிழிந்தால் அந்த உப்பு அடங்கி இனிப்பு மேலே வரும். பிக்பூல் ஒரு வாய் குடித்தாலும் அதுவே நடக்கும். எலுமிச்சையும் பிழிந்து ஒயினும் குடித்தால் இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்த மாதிரி. வெங்காயம் நறுக்கிப் போட்ட சிவப்பு வினிகர் கிண்ணம் ஒன்றும் மேசையில் வரக்கூடும். அதைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எந்த ஒயினைக் குடித்தாலும் தண்ணீர் மாதிரி இருக்கும். வினிகரை நான் மேசையிலிருந்து மெதுவாக நகர்த்தி வைத்துவிடுவேன்.

மீனுக்கு ஏன் வெள்ளை ஒயின், சிவப்பு ஏன் கூடாது என்பதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களை உலர்ந்த ஸ்காலப் என்ற சிப்பி இறைச்சியோடு ருசித்துப் பார்க்க வைத்தார்கள். ஒயினில் இரும்புச் சத்து கூடக் கூட மீன் கவுச்சி கூடியது. அந்த இரும்பை வேறு பொருளால் கட்டிப்போட்டதும் கவுச்சி அடங்கியது. சிவப்பு ஒயின்களில் இரும்பு அதிகம் இருப்பது வழக்கம், ஆனால் எல்லாச் சிவப்பிலும் இல்லை. சில வெள்ளையிலும் இருக்கலாம். ஆக நிறம் அல்ல குற்றவாளி. இது நிரூபிக்கப்பட்ட பகுதி. புளிப்பு உப்பைச் சமன் செய்கிறது, எச்சிலை ஊற வைத்து எண்ணெயைக் கழுவுகிறது என்று நான் மேலே சொன்னதும் இனிச் சொல்லப்போவதும் சமையல்காரர்களின் அனுபவ அறிவு. பெரும்பாலும் சரியாக வருகிறது, அவ்வளவே.

இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம். நீங்கள் போகும் வீட்டில் சிப்பிக்குப் பக்கத்தில் அநேகமாக மூல் இருக்கும். கறுப்பு ஓடு, உள்ளே ஆரஞ்சு நிறச் சதை, அதுவும் அந்தக் கழியில்தான் வளர்கிறது. இதைப் பச்சையாகவும் சிலர் தின்பார்கள், ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பிரஸுகாத். கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளைக் குவித்துத் தீ வைத்து, அகலமான இரும்புத் தட்டில் மூலைக் கொட்டி, வாய் திறந்ததும் ஆலிவ் எண்ணெய், பூண்டு, தைம், பிரிஞ்சி இலை கலந்த சாற்றை மேலே ஊற்றிக் கிளறுவார்கள். திராட்சைக் குச்சி வேகமாக, பளீரென்று எரியும். புகை லேசாக ஏறும். கையால் எடுத்து, ஒரு காலி ஓட்டையே இடுக்கியாக வைத்து அடுத்ததைப் பிடுங்கித் தின்ன வேண்டும். புகை, பூண்டு, எண்ணெய் மூன்றும் நாக்கில் படர்ந்திருக்கும்போது ஒரு வாய் பிக்பூல் போனால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஒயினுக்குச் சிப்பியைவிட இதுதான் நல்ல ஜோடி. சிப்பி விற்கிற நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சிப்பியையே வேக வைத்தும் தருவார்கள், அது தெரியுமா? ஓட்டிலேயே வைத்துக் கொஞ்சம் கிரீம், கொஞ்சம் சீஸ் போட்டு அடுப்பில் மேல்சூட்டில் வாட்டி எடுப்பது. பச்சையின் வழவழப்பு போய், மட்டி வறுவல் சாப்பிடுகிறவர்களுக்குப் பழகிய இறுக்கம் வந்துவிடும். அந்தக் கிரீமில் பலர் நுவாலி பிரா ஊற்றுவார்கள். கழிக்கரையில் மார்செயான் என்ற ஊரில் மூலிகை போட்டுச் செய்கிற வெர்முத் அது. 1813-இல் ஜோசப் நுவாலி தொடங்கியது. அதற்கான அடிப்படை ஒயினே பிக்பூலும் கிளேரெத் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையும்தான். ஓக் பீப்பாய்களைக் கூரையில்லாத முற்றத்தில் ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் கடல் காற்றிலும் போட்டு வைப்பார்கள். ஒயினைக் கெடுக்கும் என்று மற்றவர்கள் பயப்படுகிற அத்தனையையும் வேண்டுமென்றே செய்கிறார்கள். மீன் குழம்புக்கு, அதாவது பிரெஞ்சு மீன் குழம்புக்கு, அதைவிட நல்ல சரக்கு எனக்குத் தெரியாது.

கழிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் துறைமுகம் ஸெத். தமிழில் எழுதினால் என்னவோ அபசகுனமாகத் தெரிகிறது, ஊர் என்னவோ நல்ல உயிரோடு இருக்கிறது. 1666-இல் கட்டத் தொடங்கிய துறைமுகம், 1681-இல் திறந்த கனால் த்யு மிதி கால்வாய் தோ கழியில் வந்து கலக்கிறது, அதன் வழியே வந்த ஒயின் இங்கிருந்து கப்பல் ஏறியது. ஸெத்தின் பண்டம் தியெல். உள்ளங்கை அளவு வட்டமான, ஓரம் சுருக்கிய ரொட்டிப் பொதி. உள்ளே பேய்க்கணவாய், தக்காளி, மிளகாய். இத்தாலியின் கயேத்தா பக்கத்திலிருந்து குடியேறிய மீனவக் குடும்பங்கள் கொண்டுவந்தது. எண்ணெய் கசிந்து மாவு ஆரஞ்சு நிறமாகியிருக்கும். நம் ஆட்களுக்கு இது முதல் கடியிலேயே பிடித்துவிடும். எலுமிச்சை விதிப்படி பார்த்தால் தக்காளியும் காரமும் சேர்ந்த இது கொஞ்சம் சந்தேகக் கேஸ். தக்காளிக்கே புளிப்பு உண்டு, அதை எதிர்கொள்ள ஒயினில் அதைவிடப் புளிப்பு வேண்டும். சாதாரண தெற்கத்தி வெள்ளை இங்கே சப்பென்றாகிவிடும். பிக்பூல் தாக்குப்பிடிக்கும். ஊரில் அத்தனை பேரும் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுவது சும்மா பழக்கத்தால் மட்டும் அல்ல என்று இதை வைத்துத்தான் நம்புகிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணவாயைத் தக்காளியில் வேக வைத்து, கடைசியில் பூண்டும் குங்குமப்பூவும் அரைத்த ரூய் என்ற மயோனைஸ் கலந்து தருவார்கள், பொருந்தும். மங்க்ஃபிஷ் என்கிற தலை பெருத்த மீனில் செய்கிற பூரித் என்ற பூண்டுக் குழம்பு பொருந்தும், ஆனால் அதற்கு இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்பான ஒயின் இருந்தால் நல்லது. சுட்ட மத்தி மீன் அருமை. பொரித்த பொடிமீன், கொலியூர் ஊர் உப்பு நெத்திலி, நீம் ஊரின் பிரண்டாத் என்கிற உப்புக் காட் மீன் மசியல், வேக வைத்த இறால், பிறைநிலா வடிவில் இருக்கும் லுக் என்ற பச்சை ஆலிவ், எல்லாமே தாராளமாக. அசைவம் வேண்டாம் என்கிறவர்களுக்கு பெலார்தோன் என்ற ஆட்டுப்பால் சீஸ் இருக்கிறது. செவேன் மலைப் பக்கத்திலிருந்து வருவது. ஆட்டுப்பால் சீஸில் தயிர்ப் புளிப்பு உண்டு, பிக்பூலோடு நன்றாகச் சேரும், முதிராத சீஸாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி பொருந்தாதவை. இங்கேதான் என் கதை. சொம்மெலியே படிப்பு முடித்த புதிது. கையில் சான்றிதழ், மண்டையில் விதி. ஒரு மேசையில் எலுமிச்சை டார்ட் கேட்டார்கள். எலுமிச்சைக்கு எலுமிச்சை என்று நினைத்து நான் பிக்பூலை நீட்டினேன். முதல் வாய் குடித்ததும் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது, இந்த பாட்டில் கெட்டுவிட்டது என்றார். நானும் ருசித்தேன். பாட்டில் நன்றாகத்தான் இருந்தது. டார்ட்டின் சர்க்கரை நாக்கில் உட்கார்ந்துகொண்டு, ஒயினிலிருந்த கொஞ்சநஞ்சப் பழ ருசியையும் விழுங்கி வெறும் புளிப்பை விட்டுவைத்திருந்தது. இனிப்பு ஏதாவது இருந்தால் ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் மூன்றாம் பக்கம். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆகவே உங்கள் விருந்தில் கிறிஸ்துமஸ் கேக் வரும்போது கோப்பையைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள். பெரும்பாலும் அதற்கு வீட்டுக்காரர்களே ஃப்ரோந்தின்யான் ஊர் மஸ்கட் எடுத்து வைப்பார்கள், ஸெத்துக்கும் மோம்பெல்லியேவுக்கும் நடுவே இருக்கும் ஊர் அது. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள தேன் போன்ற ஒயின். அதே அலமாரியில், அதே தெற்கத்தி வெள்ளை என்ற பலகைக்குக் கீழேதான் வைத்திருப்பார்கள். அவசரத்தில் இரண்டையும் மாற்றி எடுத்து, சிப்பிக்கு மஸ்கட் கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபுவா க்ரா என்கிற வாத்து ஈரலும் கிறிஸ்துமஸ் மேசையில் வரும். அதன் கொழுப்புக்கு முன்னால் பிக்பூல் மெலிந்து நிற்கும். ரோக்ஃபோர் போன்ற நீலப் பூசணச் சீஸோடு இரண்டுமே கசக்கும். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி பக்கம் போகவே வேண்டாம். உங்கள் அறையில் நீங்களே சமைப்பதைப் பற்றியும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி வறுத்த மீன் துண்டில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவீர்கள் அல்லவா, அதற்குத் தாராளமாகக் குடிக்கலாம், காரம் மட்டும் நிதானமாக இருக்கட்டும். காரம் ஏறினால் ஒயினின் சாராயம் அந்த எரிச்சலைக் கூட்டும். புளி ஊற்றிய மீன் குழம்புக்கு வேண்டாம். ஒயினில் இருக்கிற அதே அமிலம் குழம்பில் அதைவிட அதிகமாக இருக்கிறது, ஒயின் தோற்றுப்போகும். நான் பல தடவை முயன்று பார்த்துவிட்டேன், அம்மா வைக்கிற குழம்புக்கு ஏற்ற ஒயின் எனக்கு இதுவரை அமையவில்லை. மோர்தான் சரி.

வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். போன வருஷம் அல்லது அதற்கு முந்தைய வருஷ அறுவடை போதும். கழுத்தில் அலைக்கோடு இருந்தால் மட்டும் போதாது, 'பிக்பூல் த பினே' என்று முழுப் பெயரும் தோற்றப்பெயர் வரியும் இருக்க வேண்டும். வெறும் பிக்பூல் என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு இடத்தில் விளைந்த அதே திராட்சையாக இருக்கலாம். கெட்டதல்ல, ஆனால் மேஸ் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் நிற்காதீர்கள். எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு நாலு பேருக்கு இரண்டு பாட்டில் என்று கணக்கிடுங்கள். குடிக்கும் சூடு 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜில் 4, 5 டிகிரி இருக்கும், அங்கிருந்து நேரே ஊற்றினால் புளிப்பும் குளிரும் தவிர ஒன்றும் தெரியாது. கால் மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், அதற்குள் சூடேறிவிடும்.

அப்புறம் அந்தச் சொல்லாத கேள்வி. சிப்பி சாப்பிட மாட்டேன் என்பது பிரான்சில் குற்றமல்ல. பிரெஞ்சுக்காரர்களிலேயே வாயில் வைக்காதவர்கள் நிறையப் பேர். செய்யக் கூடாதது ஒன்றுதான், மேசையில் உட்கார்ந்த பிறகு தட்டு முன்னால் வந்ததும் முகத்தைச் சுளிப்பது. இரண்டு நாள் முன்னாலேயே உங்கள் வீட்டுக்கார அம்மையாரிடம் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். இறால், நத்தை போன்ற புலோ, மூல் என்று ஏதாவது கூடச் சேர்த்துவிடுவார்கள். வேக வைத்த சிப்பி என்றால் சாப்பிட்டுப் பார்க்கத் தயார் என்று நீங்களே சொன்னால் இன்னும் நல்லது, அந்த அக்காவுக்கு உங்கள்மேல் ஒரு தனிப் பிரியமே வந்துவிடும். ஒயின் குடித்தால் பச்சைச் சிப்பியிலுள்ள கிருமி செத்துவிடும் என்று யாராவது உங்களைத் தைரியப்படுத்தினால் நம்பாதீர்கள். வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் குளிர்காலத்தில் சிப்பிகளில் வருவதுண்டு, ஒரு கோப்பை ஒயின் அதற்கு மருந்தல்ல. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சைச் சிப்பியைத் தவிர்க்கத்தான் வேண்டும்.

திரும்பி வர நீங்கள்தான் வண்டி ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்று. இங்கே சட்ட வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம். உரிமம் புதிது என்றால் 0.2 தான், அதாவது ஒரு கோப்பைகூடக் கூடாது. பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். இரண்டு பாட்டிலில் ஒன்றை உங்களுக்கென்று வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திறந்த பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மிஞ்சினால் ஒரு கிலோ மூலைக் கழுவி, பூண்டு தட்டிப் போட்டு, ஒரு கோப்பை ஒயினை ஊற்றிச் சட்டியை மூடி ஐந்து நிமிஷம் வையுங்கள். திறக்காத ஓட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள், சாற்றை ரொட்டியால் துடைத்துத் தின்னுங்கள்.